பி.எட். கையில் இருக்கிறது, ஒன்றாம் வகுப்பு டீச்சராக முடியுமா?

கேள்வி: வணக்கம் சார். வயது 27. பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்துவிட்டுத் தென்காசி மாவட்டத்தில் ஒரு தனியார் நர்சரி பிரைமரி பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். வேறு வேலை கிடைக்கும் வரை என்றுதான் சேர்ந்தேன், இப்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப் போக மனசில்லை. அரசுப் பள்ளியில் இதே வகுப்புகளுக்கு ஆசிரியையாக வேண்டும். பி.எட்.டை வைத்து டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் தாள் எழுத முடியாது என்கிறார்கள். ஆறு மாத பிரிட்ஜ் கோர்ஸ் படித்தால் போதும் என்று ஒரு சென்டரில் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் மறுபடி இரண்டு வருடம் டீச்சர் ட்ரெய்னிங் படிக்க வேண்டுமாம். பி.எட். முடித்தவள் யாராவது பின்னால் போவாளா என்று வீட்டில் தினமும் சண்டை. நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் நேராகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பேசலாம். உங்கள் பி.எட்.டை வைத்து முதல் தாள் எழுத முடியாது. அந்த ஆறு மாத பிரிட்ஜ் கோர்ஸ் உங்களுக்கானதும் இல்லை. அந்த சென்டரில் இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள், கட்டியிருந்தால் நாளைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள். 1 முதல் 5 வரை வகுப்பெடுக்க உங்களுக்கு இருக்கிற ஒரே நடைமுறை வழி இரண்டு வருடத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புதான். பழைய பேர் டி.டெட்., இப்போது டி.எல்.எட். (நான்கு வருட பி.எல்.எட். என்று ஒரு பட்டமும் தகுதிப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் டிகிரி முடித்த உங்களை மறுபடி நான்கு வருடம் படிக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.)

இந்தக் குழப்பத்துக்கு நீங்கள் காரணமில்லை, ஐந்து வருடம் விதியே அப்படித்தான் இருந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி என்ன என்று தீர்மானிக்கும் பொறுப்பு என்.சி.டி.இ.க்கு, அதாவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்துக்குப் போனது. தொடக்க வகுப்புகளுக்குப் பட்டயப் படிப்பும் டெட் தேர்ச்சியும் வேண்டும் என்று அவர்கள் வகுத்தார்கள். 2018 ஜூன் 28 அன்று அவர்களே ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். பி.எட். படித்தவர்களும் தொடக்க வகுப்புக்கு வரலாம், வேலையில் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் ஒரு ஆறு மாத பிரிட்ஜ் கோர்ஸ் முடித்துக்கொண்டால் சரி என்று. அப்புறம் என்ன, பி.எட். வைத்திருந்தவர்கள் எல்லாரும் இரண்டு தாளுக்கும் சேர்த்தே விண்ணப்பித்தார்கள். ராஜஸ்தானில் இது வழக்காகி, அந்த உயர் நீதிமன்றம் திருத்தத்தை ரத்து செய்து, 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. பி.எட். பயிற்சி மேல் வகுப்புகளுக்கானது, சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை அதில் இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். தீர்ப்புக்கு முன்பே வேலையில் சேர்ந்துவிட்டவர்களுக்குப் பாதிப்பில்லை என்று 2024 ஏப்ரலில் நீதிமன்றம் விளக்கம் தந்தது. பிரிட்ஜ் கோர்ஸ் அவர்களுக்காக மட்டும்தான். இப்போது புதிதாக ஒருவர் அதைப் படித்துத் தொடக்கப் பள்ளிக்குள் நுழைய முடியாது. உங்களிடம் பேசிய சென்டர்காரருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

தீர்ப்பு வந்தபோது பி.எட். படித்த பிள்ளைகள் பலர் கோபப்பட்டார்கள். கோபம் புரிகிறது, விதியை நம்பிப் படித்தவர்கள் அவர்கள். ஆனால் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், தீர்ப்பின் காரணம் சரியானதுதான். பெரிய படிப்பு படித்தவருக்குச் சின்ன வகுப்பு தானாக வந்துவிடும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. வராது.

உங்கள் இரண்டாம் வகுப்பிலேயே பார்த்திருப்பீர்கள். 'இருபத்தைந்து எழுது' என்றால் ஏதாவது ஒரு பிள்ளை 205 என்று எழுதும். தப்பு என்று அடித்து, பக்கத்தில் 25 என்று எழுதிக் காட்டினால் பிள்ளை தலையாட்டும், மறுநாள் முப்பத்தாறை 306 என்று எழுதும். அது கவனக்குறைவு இல்லை. காதில் விழுந்ததை விழுந்த வரிசையில் எழுதியிருக்கிறது, முதலில் இருபது, அப்புறம் ஐந்து. அதன் கணக்கில் அது சரி. இங்கே பத்துக் குச்சியை ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டாக்கி, இரண்டு கட்டும் ஐந்து உதிரிக் குச்சியும் பிள்ளையின் கையில் கொடுத்து, கட்டு எத்தனை, உதிரி எத்தனை, கட்டை எந்தப் பக்கம் எழுதுவோம் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். அந்த 0 ஏன் அங்கே தேவையில்லை என்று பிள்ளை தானாகச் சொல்லும் வரை 26க்குப் போகக் கூடாது. நீங்கள் பி.எஸ்சி.யில் போட்ட வகைநுண்கணிதம் இந்த இடத்தில் ஒரு உதவியும் செய்யாது.

வாசிப்பும் அப்படித்தான். 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, வலது பக்கம் துணைக்கால். நமக்கு அது ஒரே எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணுக்கு மூன்று உருவம். அது கொம்பையும் க-வையும் சேர்த்து 'கெ' என்று வாசித்துவிட்டு, மிச்சமிருக்கும் காலை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும், இல்லாவிட்டால் படத்தைப் பார்த்து 'இலை' என்று எதையாவது சொல்லும். இந்தப் பிள்ளைக்கு எழுத்து தெரியவில்லையா, எழுத்து தெரிந்து குறி சேர்க்கத் தெரியவில்லையா, இரண்டும் தெரிந்து பயத்தில் ஊகிக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கத் தெரிவதற்குப் பேர்தான் தொடக்கநிலை ஆசிரியர் பயிற்சி. பி.எட்.டில் இதற்கு நேரமே இல்லை, அங்கே எட்டாம் வகுப்பு இயற்கணிதத்துக்கு லெசன் பிளான் எழுதியிருப்பீர்கள். அதனால் வீட்டில் யாராவது 'பின்னால் போகிறாய்' என்று சொன்னால், இது வேறு தொழில் என்று சொல்லுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். டி.எல்.எட். சேர 12ஆம் வகுப்பில் பொதுவாக 50 சதவீதம் வேண்டும், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்குத் தளர்வு உண்டு. டிகிரி மதிப்பெண்ணையோ பி.எட்.டையோ கேட்க மாட்டார்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் (டயட் என்றால் எல்லாருக்கும் தெரியும்) கட்டணம் குறைவு, உதவி பெறும் நிறுவனங்களும் உண்டு, தனியார் நிறுவனங்களும் உண்டு. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் தனியார் பயிற்சி நிறுவனம் இருந்தது, வேலைவாய்ப்பு சுருங்கியதும் பல மூடிவிட்டன. எல்லா மாவட்டத்திலும் எல்லா ஆண்டும் சேர்க்கை நடக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அந்தந்த ஆண்டு எங்கே இடம் இருக்கிறது என்று மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் சேர்க்கை அறிவிப்பில் பாருங்கள். வயது வரம்பும் அதில் இருக்கும். உங்களுக்கு 27, இன்னும் யோசிக்கிறேன் என்று இரண்டு மூன்று வருடம் தள்ளினால் அந்த வரம்பில் போய் முட்டிக்கொள்வீர்கள். ஆகவே ஆம் என்றாலும் இல்லை என்றாலும் இந்த ஆண்டே முடிவெடுங்கள்.

இது முழுநேரப் படிப்பு. தினமும் போக வேண்டும், வருகைப் பதிவு கண்டிப்பு, இப்போதைய வேலையை விட்டுவிட வேண்டியிருக்கும். குழந்தை உளவியல், தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் கற்பித்தல், ஓவியம், உடற்கல்வி, அதோடு பள்ளிக்குப் போய்ச் செய்யும் கற்பித்தல் பயிற்சி. ரெக்கார்டு நோட்டு எழுதியே கை ஓய்ந்துவிடும் என்று எல்லா மாணவிகளும் புலம்புவார்கள், அதில் பாதி நியாயமான புலம்பல்தான். எழுதச் சொல்கிற அளவுக்குப் பிள்ளைகளோடு உட்கார வைக்கிறார்களா என்பதில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம். சேருவதற்கு முன் அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் யாரையாவது பிடித்து, 'ப்ராக்டீஸுக்குப் போன பள்ளியில் எத்தனை வாரம் நீங்களே வகுப்பெடுத்தீர்கள்' என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

குறுக்கு வழி சொல்லிக்கொண்டு வருபவர்கள் பற்றி ஒரு வார்த்தை. வேறு மாநிலத்தில் சேர்த்துவிடுகிறோம், வகுப்புக்கே போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்பார்கள். அந்தச் சான்றிதழ் பார்க்க அழகாகத்தான் இருக்கும். தேர்வெல்லாம் எழுதி, மதிப்பெண்ணும் வந்து, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிடும்போது, இந்த நிறுவனத்துக்கு அந்த ஆண்டு என்.சி.டி.இ. அங்கீகாரம் இருந்ததா, இந்தப் படிப்பு இங்கே இணையானதா என்று கேட்பார்கள். 18 மாதப் பட்டயப் படிப்பு ஒன்று பணியில் இருந்த பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்காக 2017 முதல் 2019 வரை நடந்தது, அதை இரண்டு வருடப் படிப்புக்குச் சமமாக எடுக்கலாமா என்பதே உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசே நடத்தியதற்கு அந்த நிலை என்றால் மற்றதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து டெட். தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம், டி.ஆர்.பி., நடத்துகிறது. முதல் தாள் 1 முதல் 5 வரை, இரண்டாம் தாள் 6 முதல் 8 வரை. முதல் தாளில் 150 கேள்வி, 150 மதிப்பெண், குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று ஒவ்வொன்றிலும் 30. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே ஒரு கேள்வியைக்கூட விடாமல் நிரப்புங்கள். பொதுப் பிரிவுக்கு 60 சதவீதம், அதாவது 90 எடுத்தால் தேர்ச்சி. மற்றப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு, அது எவ்வளவு என்பதை அந்தந்தத் தேர்வின் அறிவிப்பில் பார்ப்பதே நல்லது, பழைய கைடில் இருப்பதை நம்ப வேண்டாம். 2012 ஜூலையில் நடந்த முதல் டெட்டில் ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள், தேறியவர்கள் அவ்வளவு குறைவு, அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுபடி நடத்த வேண்டியதாயிற்று. 'டெட் ரொம்பக் கஷ்டம்' என்று நம்மவர்களுக்கு இன்றைக்கும் இருக்கிற பயம் அங்கே தொடங்கியதுதான். ஒழுங்காகப் படித்தவருக்கு இப்போது அது அவ்வளவு பயங்கரமான தேர்வு இல்லை.

உங்களுக்குக் கணக்கில் 30 பிரச்சினை இருக்காது. தமிழும் சூழ்நிலையியலும் சமச்சீர் பாடப்புத்தகத்தில் இருந்து வரும், ஆனால் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிடாதீர்கள். பாடத்தலைப்பு தொடக்க வகுப்புகளுடையதாக இருந்தாலும் கேள்வியின் கடினம் உயர்நிலை வகுப்பு வரை போகலாம் என்பது விதியிலேயே இருக்கிறது, பத்தாம் வகுப்பு வரை புத்தகங்களைப் புரட்டுங்கள். குழந்தை மேம்பாடு பகுதிதான் பலருக்கு இடிக்கும், காரணம் பெயரையும் வயதையும் மனப்பாடம் செய்கிறார்கள். பியாஜே சொன்ன நிலைகளை எடுத்துக்கொள்ளுங்கள், 2 முதல் 7 வரை முன்செயல்பாட்டு நிலை, 7 முதல் 11 வரை பருப்பொருள் செயல்பாட்டு நிலை. உங்கள் வகுப்புப் பிள்ளைகள் அந்த ஏழு வயதுக் கோட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே அளவு தண்ணீரை அகலமான டம்ளரில் இருந்து ஒல்லியான உயரமான டம்ளருக்கு அவர்கள் கண்ணெதிரே ஊற்றி, எதில் அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் உயரத்தைக் காட்டும், சில பிள்ளைகள் 'அதே தண்ணிதானே மிஸ்' என்று சிரிக்கும். இரண்டு நிலையும் ஒரே பெஞ்சில். அதைப் பார்த்துவிட்டால் தேர்வில் எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் விடை வரும். மேலே சொன்ன குச்சிக் கட்டு ஏன் தேவைப்படுகிறது என்பதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது.

டெட் ஒவ்வோர் ஆண்டும் ஒரு முறையாவது நடக்க வேண்டும் என்பது என்.சி.டி.இ. வழிகாட்டுதல். இங்கே நடந்த ஆண்டுகளைப் பாருங்கள், 2012, 2013, 2017, 2019, 2022, 2025. அதனால் வந்தபோது எழுதிவிட வேண்டும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த விஷயத்தில் ஆபத்தான சொல். பட்டயப் படிப்பு இரண்டாம் ஆண்டில் இருக்கும்போது அறிவிப்பு வந்தால் இறுதியாண்டு மாணவர்களுக்கு அனுமதி உண்டா என்று பார்த்து உடனே விண்ணப்பியுங்கள். ஒரு நல்ல சேதி, சான்றிதழ் முன்பு ஏழு வருடம்தான் செல்லும், 2021இல் அதை ஆயுள் முழுக்கச் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். மத்திய அரசின் சி-டெட் முதல் தாளையும் எழுதி வையுங்கள், கேந்திரிய வித்யாலயாவுக்கும் பல சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் உதவும், ஆனால் அதற்கும் பட்டயப் படிப்பு இருக்க வேண்டும், மாநில அரசுப் பள்ளி வேலைக்கு மாநில டெட்தான்.

டெட் தேறியதும் வேலை கிடைத்துவிடும் என்று உங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். லைசென்ஸ் எடுத்தவருக்கெல்லாம் யாரும் வண்டி வாங்கித் தருவதில்லை. முன்பு 12ஆம் வகுப்பு, பட்டயப் படிப்பு, டெட் மூன்றின் மதிப்பெண்ணையும் சேர்த்து வெயிட்டேஜ் போட்டு எடுத்தார்கள். 2018 ஜூலையில் வந்த அரசாணை 149க்குப் பிறகு டெட் வெறும் தகுதிதான், வேலைக்கு டி.ஆர்.பி. தனியாக ஒரு போட்டித் தேர்வு வைக்கும். அதில் 150 மதிப்பெண் தேர்வோடு கட்டாயத் தமிழ் தகுதித் தாளும் உண்டு, தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பல ஆண்டுகள் இடைநிலை ஆசிரியர் (1 முதல் 5 வரை எடுப்பவருக்கு அரசுப் பெயர் இதுதான்) நேரடி நியமனமே இல்லாமல் கிடந்து, 2024 பிப்ரவரியில் 1,768 இடத்துக்கு அறிவிப்பு வந்தது, ஜூலை 21 அன்று தேர்வு, பிறகு இடங்களை 2,768 ஆகக் கூட்டினார்கள். அடுத்தது எப்போது, எத்தனை இடம் என்று உறுதியாகச் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். வயதைப் பற்றிக் கவலை வேண்டாம், அந்த 2024 அறிவிப்பில் பொதுப் பிரிவுக்கே 53 வரை அனுமதித்தார்கள், மற்றவர்களுக்கு 58. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. நீங்கள் ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ்வழி என்றால் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ்வழியில் படித்ததற்கான பி.எஸ்.டி.எம். சான்றிதழ் வாங்கி வையுங்கள். கடைசி நேரத்தில், படித்த பள்ளி மூடிவிட்டது, தலைமை ஆசிரியர் மாறிவிட்டார் என்று அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி பணம். உங்கள் வீட்டில் சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியை நான் மறைக்க மாட்டேன். இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400இல். அகவிலைப்படி இரண்டுக்கும் மேலே வரும், விகிதம் ஒன்றுதான் என்பதால் இடைவெளி இன்னும் அகலமாகும். 2009 ஜூன் 1 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள் அதற்கு ஒரு நாள் முன்னால் சேர்ந்தவர்களைவிடக் குறைந்த ஊதியத்தில் இருக்கிறார்கள், சம வேலைக்குச் சம ஊதியம் என்று அவர்கள் பல வருடமாகப் போராடுவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்தறிவிக்கிறவருக்குக் குறைவாகவும் பத்தாம் வகுப்புக்கு எடுப்பவருக்கு அதிகமாகவும் கொடுக்கிற இந்த ஏற்பாடு எனக்கு ஒருநாளும் நியாயமாகப் பட்டதில்லை. ஆனால் என் அபிப்பிராயத்தை வைத்து நீங்கள் வீட்டு வாடகை கட்ட முடியாது.

அதனால் நான் சொல்வது இதுதான். அடுத்த டெட் அறிவிப்பு வந்தால் நீங்கள் எங்கே இருந்தாலும் இரண்டாம் தாளை எழுதுங்கள், அதற்கு உங்கள் பி.எட். இன்றைக்கே போதும். பட்டயப் படிப்பில் சேர்ந்துவிட்டாலும் எழுதுங்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கே டெட் கட்டாயம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும், பதவி உயர்வுக்கும் டெட் வேண்டும் என்று ஆகிவிட்டது. நாளைக்கு இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, பணிமூப்பில் பட்டதாரி ஆசிரியையாகப் பதவி உயர்வு வரும்போது உங்கள் பி.எஸ்சி., பி.எட்., இரண்டாம் தாள் மூன்றும் தயாராக இருந்தால் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. பி.எட். வீணாகிவிட்டது என்று வீட்டில் அழுபவர்களிடம் இந்த ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாக விளக்குங்கள், சண்டை பாதி குறையும்.

பட்டயப் படிப்பில் சேரலாமா என்பதற்கு என் பதில், இரண்டு வருடம் உங்கள் சம்பளம் இல்லாமல் வீடு ஓடும் என்றால் சேருங்கள். கடன் வாங்கித்தான் ஓட வேண்டும் என்றால் வேண்டாம், பி.எட்.டோடு கணிதப் பட்டதாரி ஆசிரியர் தேர்வுக்குத் தயாராகுங்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகள்தான், அதிலும் 205 எழுதுகிற பிள்ளை இருக்கிறது. பட்டயப் படிப்பு முடித்த பிறகும் நியமன அறிவிப்புக்காகச் சில வருடம் தனியார் பள்ளியிலேயே காத்திருக்க நேரலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த தலைமை ஆசிரியர் மூலம் அனுமதி வாங்கி, ஏதாவது ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒருநாள் காலையில் இருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருங்கள். பக்கத்து ஊர்ப் பெரிய பள்ளி வேண்டாம், ஈராசிரியர் பள்ளியாகப் பாருங்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டக் கணக்கு, ஐந்து வகுப்பையும் இருவர் பிரித்துக்கொள்கிறார்கள். தனியார் பள்ளியில் ஒரு வகுப்பு, ஒரு ஆசிரியை என்று பழகிய உங்களுக்கு இதுதான் பெரிய அதிர்ச்சியாக இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று ஒரே அறையில் இருக்கும். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்ததில் இருந்து பிள்ளைகளை வகுப்பாகப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையாகப் பார்த்து வேலை கொடுக்கிறார்கள், மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அரும்பில் இருக்கலாம், அதில் வெட்கம் எதுவுமில்லை. நல்ல ஆசிரியை ஒருவர் மலருக்கு எழுத வேலை கொடுத்துவிட்டு, மொட்டை ஜோடியாக வாசிக்கவிட்டு, அரும்போடு தரையில் உட்காருவதைப் பாருங்கள், நான் இந்தப் பத்தியில் எழுதுவதைவிட அது அதிகம் சொல்லும். அதே ஆசிரியை எமிஸ் என்ற அரசு இணையப் பதிவேட்டில் வருகை ஏற்றுவதையும், காலை உணவு சரியாக வந்ததா என்று பார்ப்பதையும், வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.) அலுவலகத்துக்கு ஏதோ ஒரு விவரம் அனுப்புவதையும், வாக்காளர் பட்டியல் வேலைக்கு ஓடுவதையும் சேர்த்தே பாருங்கள். பிள்ளைகளுக்காகத்தான் இந்த வேலைக்கு வருகிறீர்கள், ஆனால் நாளில் ஒரு பங்கு காகிதத்துக்கும் செல்போனுக்கும் போகும். முதல் பணியிடம் உங்கள் மாவட்டத்தில் கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை, வடமாவட்டங்களில் ஏதோ ஓர் ஊரில் கிடைத்து, இடமாறுதல் கவுன்சலிங்கில் ஊர் பக்கம் வந்து சேர வருடங்கள் ஆகலாம். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

கடைசியாக, உங்கள் அசல் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன? பல தனியார் பள்ளிகளில் வேலைக்குச் சேரும்போதே அசலை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், கல்வியாண்டு நடுவில் கேட்டால் தர முரண்டு பிடிப்பார்கள். சேர்க்கை விண்ணப்பம் வழக்கமாகக் கோடை விடுமுறையை ஒட்டி வரும். 12ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றும் அதற்குள் உங்கள் வீட்டு பீரோவில் இருக்க வேண்டும். ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே, படிக்கப் போகிறேன் என்று எழுத்தில் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் திரும்ப எழுதுங்கள், அடுத்து யாரிடம் எப்படி மனு கொடுப்பது என்று சொல்கிறேன்.